நூலுக்கடியில் குஞ்சுகள்

மகள், முதலில் என் ஸலாத்தை வாங்கிக்கொள். கோபம் கோபமாக இருக்கட்டும், ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடாதே.

உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறும் இரண்டு தென்னையும் உம்மாவின் கோழிக்கூடும்தான் இருக்கின்றன. எழும்பி நடந்தால் முப்பது காலடியில் உன் குசினி வாசல். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற மனிசனை ஊர் கண்டால், மேசனுக்கு மண்டை பிசகிவிட்டது என்றுதான் சொல்லும். என்ன செய்ய? இந்தக் கிழமைக்குள் மூன்று தரம் உன்னோடு கதைக்க வந்தேன். மூன்று தரமும் நான் படியேறுமுன்னே என் சத்தம் ஏறிவிட்டது. வாலிபக் காலத்திலிருந்து கூரை உயரத்தில் நின்று, கீழே நிற்கிறவனிடம் கல்லும் கலவையும் கேட்டுக் கேட்டுப் பழகிய தொண்டை இது. மெல்லக் கதைப்பது எப்படியென்று அதற்கு மறந்துபோயிற்று. எழுதினால் கத்த முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் சாமான்களை ஏற்ற லொறி வரும் என்று உம்மா சொன்னாள். அக்கரைப்பற்றில், மருமகன் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு பார்த்தாயிற்று என்றும் சொன்னாள். நேற்றுக் கிணற்றடியில் நீ அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழ வேண்டுமென்றுதான் சொன்னாய், அதுவும் எனக்குத் தெரியும். "வாப்பாட பொருத்தம் இல்லாம நான் கடப்படி தாண்டமாட்டன் உம்மா. அவர் மட்டும் போகட்டும். நான் இஞ்சையே கிடக்கன்." ஏழு மாத வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னாய். மனதாரப் பொருந்திக்கொண்டேன், போய் வா என்று நான் ஒரு சொல் சொன்னால் நீ உன் புருஷனோடு போவாய். சொல்லாவிட்டால் அவர் அங்கே, நீ இங்கே. அந்த ஒரு சொல்லைத்தான் நான் மூன்று தரம் தூக்கிக்கொண்டு வந்து, மூன்று தரமும் திருப்பிக் கொண்டுபோனேன். களைத்துப்போனேன் மகள்.

அதைச் சொல்லுமுன் குருவிகளைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். சிரிக்காதே. நம் பின்வளவில் இருந்த பிஞ்ச் குருவிகள் உனக்கு ஞாபகம் இருக்கும். சூறாவளி அடித்து ஊரில் கூரைகள் பறந்த பிறகு, கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவரின் வீட்டை நான் திருத்திக் கொடுத்தேன். வேலை பிடித்துப்போய், கூலிக்கு மேலே ஒரு சோடிக் குருவியையும் தந்தார். கைக்குள் அடங்குகிற அளவு, சாம்பல் உடம்பு, செம்மஞ்சள் சொண்டு, பிள்ளைகளின் ஊதுகுழல் மாதிரி ஒரு சத்தம். கல்முனையில் அப்போது யாரும் அதைக் கண்டதில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகத்தைப் போட்டுவிட்டு அங்கேதான் நிற்பாய்.

நான் சும்மா இருப்பேனா? அதுகளுக்கு ஒரு கூண்டு கட்டத் தொடங்கினேன். அத்திவாரம் வெட்டி, கல் வைத்து, சீமெந்து பூசி, மேலே கம்பிவலை அடித்து, தகரம் போட்டேன். உம்மா சோற்றுக் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். "இஞ்சாருங்க, குருவிக்கா ஊடு கட்டுறீங்க, கொமருக்கா?" என்று உன்னைக் காட்டிக் கேட்டாள். நான் சிரித்தேன். இன்றைக்கு யோசித்தால், அவள் பகிடியாகக் கேட்டது பகிடியில்லை.

கூண்டுக்குள் சின்ன மண்முட்டி ஒன்றைச் சரித்துக் கட்டினேன், கூடு வைக்க. கூட்டுக்குள் போட என்ன கொடுப்பது? மருதமுனையில் ஒரு நெசவுக்காரரின் தறிக்கொட்டிலுக்குச் சுவர் பூசிக் கொடுத்த பழக்கம் இருந்தது. அவர் வீட்டில் அறுந்த நூல் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று. ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். ஆண் குருவி அந்த நூலைக் கண்டதும் பைத்தியம் பிடித்ததுபோல் பறந்தது. ஒவ்வொரு துண்டாகக் கவ்விக்கொண்டுபோய் முட்டிக்குள் திணிக்கும், திரும்பி வரும், இன்னும் கேட்கும். அது கேட்கக் கேட்க நான் போட்டேன். கொடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது மகள். அது வாங்குகிறவனுக்கு நல்லதா என்று அந்த ருசி பார்க்காது.

ஐந்து முட்டை இட்டது. மூன்று பொரித்தது. நான் வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், பகல் சோற்றுக்கு வந்தால் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் முட்டிக்குள் டோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். விரலை விட்டுத் தொட்டும் பார்த்தேன். நாலாம் நாள் சீமெந்துத் தரையில் ஒரு குஞ்சு கிடந்தது, மயிரில்லாத சிவந்த தசையாக, நகத்தளவு. அடுத்த நாள் மற்றது. மூன்றாவதின் காலில் பச்சை நூல் சுற்றி, முட்டி வாசலில் தொங்கிக்கொண்டு கிடந்தது. நீ தேம்பித் தேம்பி அழுதாய். நான் எறும்பைக் குற்றம் சொன்னேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எறும்பு ஏறாமல் சுற்றிவர வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டேன். தகரம் சுடுகிறது என்று மேலே தென்னங்கிடுகு போட்டேன். தீன் காணாது என்று முட்டை அவித்துப் பிசைந்து வைத்தேன். பூனையைக் கண்டால் கல்லெறிந்தேன். இதிலெல்லாம் பிழையில்லை, குருவி வளர்க்கிறவன் செய்ய வேண்டியதுதான். ஆனாலும் குஞ்சு தங்கவில்லை. கொஞ்சக் காலம் போக, குஞ்சு விழுவதும் நின்றது. முட்டை இடும், இரண்டு நாளில் முட்டையையே காணோம். யாரோ களவெடுக்கிறான் என்றேன். கண்ணூறு என்று அயலவர்கள் சொன்னார்கள். "ஓம், கண்ணூறுதான்," என்றாள் உம்மா. "வேற ஆர்ட கண்? ஒரு நாளைக்கு மூணு தரம் பாக்கிறது ஆரு?" அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், கூடு சரியில்லையாக்கும், அதனால்தான் முட்டை நிற்கவில்லை என்று நினைத்து இன்னும் நூல் கொண்டுவந்து போட்டேன்.

அந்த மாரிக்கு முன் எனக்கு இறக்காமத்தில் ஒரு வீட்டு வேலை வந்தது. போகும்போது முட்டியில் நாலு முட்டை இருந்தது. உன்னைக் கூப்பிட்டு, காலையும் பின்னேரமும் எட்டிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரு பிடி நூல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். அங்கே மழை பிடித்துக்கொண்டது. இரவில் யானை வந்து நாங்கள் குவித்து வைத்த மணலுக்குள் படுத்துப் புரண்டுவிட்டுப் போகும், காலையில் நாங்கள் மறுபடி குவிப்போம். ஒரு கிழமை என்று போன வேலை ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்து சைக்கிளைக்கூட நிறுத்தாமல் பின்வளவுக்குப் போனேன். கூண்டின் முன்பக்கம் பழைய சாக்கு ஒன்று கட்டியிருந்தது. அதை விலக்கிப் பார்த்தேன். கம்பில் வரிசையாக மூன்று குஞ்சு. இறகு முளைத்து, சொண்டு இன்னும் கறுப்பாக, தாயிடம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

அல்லாஹ்வுக்குப் புகழ் என்று சொல்லி உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். நான் என்ன கேட்டேன்? "நூல் போட்டியா?" என்று கேட்டேன். "இல்ல வாப்பா," என்றாய். "உள்ளுக்குப் பாத்தியா?" "இல்ல வாப்பா. தீனும் தண்ணியும்தான் வச்சன்." நான் சொன்னது ஒன்று, நீ செய்தது ஒன்றா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்ப அதுகளை ஆரு பாத்தது?" என்று கத்தினேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "அதுகளுக்குத் தெரியும்தானே வாப்பா," என்றாய். அதற்குத்தான் உன் கன்னத்தில் அடித்தேன். உன் காதோலை தெறித்து மணலில் விழுந்ததும், உம்மா குனிந்து தேடியதும் எனக்கு அப்படியே ஞாபகம். ஏன் அடித்தேன் என்று இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், கேள். குஞ்சு பிழைத்தது எனக்குச் சந்தோஷமில்லாமல் இல்லை. நான் இல்லாமல் பிழைத்ததுதான் பொறுக்கவில்லை. அந்த அடிக்கு இன்றுவரை உன்னிடம் மாப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வாப்பாவை மன்னித்துக்கொள்.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்பது உனக்குத் தெரியும். சாக்கைக் கழற்றினேன். பழைய முட்டியை இறக்கிவிட்டுப் புதுமுட்டி கட்டினேன். மறுபடி நூல், மறுபடி டோச். அந்த மூன்றைத் தவிர நம் வளவில் வேறு குஞ்சு பறக்கவே இல்லை. ஒன்றொன்றாகக் குருவிகள் முடிந்தன. கூண்டை உடைத்து, அந்தக் கல்லை எடுத்து உன் வீட்டு அத்திவாரத்துக்குப் போட்டேன்.

ஓம், உன் வீடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். எத்தனையோ பேரின் கொமருகளுக்கு நான் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன், சாவியைத் தகப்பனின் கையில் கொடுத்துவிட்டு என் கலவைத் தட்டையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கட்டி முடிந்தால் மேசன் போக வேண்டும், அது தொழிலின் ஒழுங்கு. என் சொந்த மகளின் வீட்டில் மட்டும் அந்த ஒழுங்கை மறந்தேன். கலியாணம் முடிந்து மூன்று மாதத்தில் முன்பக்கம் போர்ட்டிக்கோ. பிறகு குசினிப் புகைக்கூட்டை இடித்துக் கட்டினேன், உனக்கு உயரம் காணாது என்று நானே முடிவு செய்து. மதிலை உயர்த்தினேன். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்ததும், பிள்ளைக்கு ஒரு அறை என்று பக்கத்தில் சுவர் எழுப்பினேன். அந்தச் சுவர் உங்கள் படுக்கையறை யன்னலை மூடிவிட்டது. கடற்காற்று வருகிற ஒரே யன்னல் அது. மசக்கையில் நீ வாந்தியெடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் உன் வீட்டுக்குள் சீமெந்துத் தூசி பறந்தது. நீ ஒரு நாள்கூட, "போதும் வாப்பா" என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தவள்தானே நீ.

வீட்டுப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று உன்னிடம், மற்றது என் இடுப்பு வாரில். நினைத்த நேரம் வந்தேன், தட்டவில்லை. மருமகன் இடுப்பில் சாரன் மட்டும் உடுத்துப் படுத்திருந்து துள்ளி எழும்பியதைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

போன கிழமை நடந்ததை நீ முழுவதும் அறிய மாட்டாய். நீங்கள் இருவரும் கிளினிக்குக்குப் போயிருந்தீர்கள். நான் திறந்துகொண்டு உள்ளே வந்தேன், புது அறையின் பூச்சு காய்ந்ததா என்று பார்க்க. உங்கள் அறையில், கட்டிலுக்கு நேரே கூரை மரத்தில், மருமகன் ஒரு இரும்புக் கொளுக்கி அடித்திருந்தார். பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டத்தான் என்று பார்த்ததுமே விளங்கியது. படித்த மனிசன், சுத்தியல் பிடித்துப் பழகாத கை, கொளுக்கி கொஞ்சம் சரிந்திருந்தது. மரத்தில் இரண்டு மூன்று பிழையடியும் விழுந்திருந்தது. தொங்கிப் பார்த்தேன். என் பாரத்தையே தாங்கியது. அது பிள்ளைக்குப் போதாதா? ஆனாலும் கழற்றினேன். நான் கட்டிய புது அறையில், நான் நினைத்த இடத்தில், நேராகப் புதுக்கொளுக்கி ஒன்று அடித்தேன். பிழையடி விழுந்த இடத்தை மூடினேன். நல்லது செய்துவிட்டேன் என்ற நிறைவோடு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். நீ உம்மாவிடம் போனாய், அவர் அறைக்குள் போனார். கன நேரம் வெளியே வரவில்லை. வந்து என் முன்னால் நின்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சரிக்குச் சரியாகப் போயிருக்கும். மெல்லத்தான் கேட்டார். "மாமா, என்ட புள்ளைக்கு ஒரு கொளுக்கி அடிக்கவும் எனக்கு இந்த ஊட்டில ஏலாதா?" நான், "அது சரிஞ்சு கிடந்திச்சு மருமகன்," என்றேன். "சரிஞ்சாலும் நான் அடிச்சது மாமா," என்றார். அடுத்த நாளே வீடு தேடத் தொடங்கினார்.

அந்தப் பேச்சு முடிந்த கையோடு நான் சுத்தியலை வைக்கக் கொட்டிலுக்குப் போனேன். சண்டைக்குப் பிறகு ஒளிந்துகொள்ள எனக்கு வேறு இடம் ஏது? மேல்தட்டில் பழைய சீமெந்துப் பைகளுக்குப் பின்னால் அந்த முதல் முட்டி கிடந்தது. எதையும் எறியாதவன் என்று உம்மா என்னை ஏசுவாளே, அது உண்மைதான். சும்மா கையில் எடுத்து, உள்ளே இருந்ததை உருவினேன். மேலே ஒரு மெத்தை சிவப்பும் மஞ்சளும், அதுதான் உன் மூன்று குஞ்சும் வளர்ந்த கூடு. அதைத் தூக்கினேன். அடியில் இரண்டு முட்டை, காய்ந்து, நிறம் மங்கி. அதற்கடியில் பச்சை நூல். அதற்கடியில் இன்னும் முட்டை. கடைசியில் நூலுக்குள் அமிழ்ந்து, தட்டையாக, ஈர்க்குச்சியை விட மெல்லிய எலும்புகள். களவு போன முட்டையெல்லாம் அங்கேதான் இருந்தது மகள். எறும்புமில்லை, பூனையுமில்லை, கள்ளனுமில்லை. நூல் கிடைக்கும் வரைக்கும் அந்த ஆண் குருவி கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, தன் முட்டைக்கு மேலேயே, தன் குஞ்சுக்கு மேலேயே. நூல் முடிந்தால்தான் அதற்கு அடைகாக்க நினைப்பு வரும். நான் முடிய விடவில்லை. நீ ஒரு மாதம் விட்டாய். அந்தக் கொட்டிலில் சீமெந்துப் பைமேல் உட்கார்ந்து நான் அழுதேன். உம்மாவிடம் சொல்லாதே. கடிதத்தை ஒட்டித்தான் அவள் கையில் கொடுக்கிறேன், ஆனாலும் உம்மாவை எனக்குத் தெரியும்.

நான் பயந்தது ஒன்று உண்மை. இந்த யுத்த காலத்தில் றோட்டு இருக்கிற நிலைமை உனக்குத் தெரியும். காலையில் திறந்த பாதை பின்னேரம் மூடிவிடுகிறது. நாங்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் உனக்கு வலி கண்டால் என்ன செய்வாய் என்ற யோசனை என்னைத் தின்கிறது. ஆனால் அதே பாதை மூடினால் அவர் அங்கே, நீ இங்கே, வயிற்றில் பிள்ளை. பள்ளிக்கூடத்தால் அவர் வந்து சேராத பின்னேரங்களில் நீ கடப்படியில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானும் என் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். என் பயத்துக்காக நீ அப்படி நிற்கத் தேவையில்லை.

உனக்குச் சொல்லப் புத்திமதி என்று பெரிதாக என்னிடம் ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்தால், வருகிறவர் போகிறவர் எல்லோர் கையிலும் கொடுக்காதே, நாங்களும் அதில் அடக்கம். அவர் சரிவாகச் செய்ததைப் பின்னால் நின்று நேராக்காதே. அந்தக் குணம் என் இரத்தத்தில் இருந்து உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது, குசினியில் கண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

நான் மனதாரப் பொருந்திக்கொண்டேன் மகள். சந்தோஷமாகப் போய் இரு. வெள்ளிக்கிழமை நான் கடப்படியில் நிற்பேன், துஆக் கேட்டு அனுப்புவேன். லொறியில் எதை முதலில் ஏற்றுவது என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் உம்மா என் வாயைப் பொத்தட்டும். நீங்கள் போன பிறகு அந்தப் புது அறைச் சுவரை இடிப்பேன். இன்னொன்று கட்டுவதற்கல்ல, யன்னலுக்குக் காற்று வருவதற்கு. எப்போதாவது வந்து தங்கினால் வேர்க்காது.

இத்தோடு ஒரு கடுதாசிப் பொட்டலம் இருக்கும். அதற்குள் இரண்டு சாமான். ஒன்று மருமகன் அடித்த கொளுக்கி. துரு துடைத்து எண்ணெய் பூசியிருக்கிறேன், நிமிர்த்தவில்லை. எங்கே அடிப்பது என்பது அவர் பாடு. மற்றது என் இடுப்பு வாரில் கிடந்த உன் வீட்டுத் திறப்பு. இரண்டும் இனி உங்களிடமே இருக்கட்டும். பிள்ளை பிறந்து நீ ஆள் அனுப்பினால் வருவேன், அதற்கு முன் வர மாட்டேன். வந்தால் கதவைத் தட்டுவேன். இந்த வயதில் புதிதாகப் பழக வேண்டிய வேலை, மெல்லத் தட்ட வருமோ தெரியாது. சத்தம் கேட்டால் கொஞ்சம் கெதியாகத் திற மகள். உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி, வாசலில் கன நேரம் நிற்க ஏலாது.